கலஹா ஏற்றமும் கார் ஒயிலும்

எதை வாங்கினாலும் அதன் பின்பக்கத்தை வாசிக்காமல் நான் காசு கொடுப்பதில்லை. சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், எறும்பு மருந்து, எதுவும் என்னிடம் தப்பியதில்லை. முன்பக்கத்தில் படம் இருக்கும், பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது என் கட்சி. கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள். என் கணவர் கூட வந்தால் யாரோ முன்பின் தெரியாத பெண் என்பதுபோலத் தள்ளி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். கண்டி டவுனில் பல வருடம் படிப்பித்துவிட்டு, கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு நானே கேட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு போனேன். "எல்லாரும் மலையிலிருந்து இறங்கப் பார்க்கிறாங்க, நீங்க ஏறுறீங்க" என்று கூடப் படிப்பித்தவர்கள் கேலி செய்தார்கள். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். விஞ்ஞானம் படிப்பதற்காக டவுனில் சொந்தக்காரர் வீட்டுச் சமையலறையில் பாயை விரித்துப் படுத்தவள். அந்தப் பாயை இன்னொரு பிள்ளை விரிக்கக்கூடாது என்ற பிடிவாதம் எனக்குள் இருந்தது. புதிய பாடசாலையில் சாதாரண தரம் வரைதான் விஞ்ஞானம். அதற்கு மேல் படிக்கக் கண்டிக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் கலைப்பிரிவு, அதுவும் இல்லையென்றால் கடை வேலை. அங்கேயே உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்க வேண்டும் என்று அதிபரும் நானும் ஏறாத படி இல்லை.

கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி காலை பத்து மணிக்கு வருவார். ஆய்வுகூடமாக ஓர் அறை, அதில் வைக்க உபகரணங்கள், படிப்பிக்க ஓர் ஆள், படிக்கப் பத்துப் பிள்ளைகள். இந்த நான்கும் இருந்தால் அந்த வருடமே வகுப்பு தொடங்கலாம். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள், மறுபடி எப்போது திறப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஆள் நான் இருந்தேன். என் பழைய பாடசாலையில் மேலதிகமாகக் கிடந்த கண்ணாடிக் குழாய்கள், குடுவைகள், ஒரு தராசு எல்லாவற்றையும் எழுதித் தந்துவிட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில்தான் இடித்தது. சரியாகப் பத்துப் பேர் இருந்தார்கள். முந்தின வாரம் ஒரு பிள்ளையின் தாய், மகளைக் கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லியனுப்பி, பெயரை வெட்டச் சொல்லிவிட்டார். விஞ்ஞானத்தில் ஏ எடுத்த பிள்ளை! நான் மாற்றலாகி வந்து சில மாதம்தான், அந்தத் தாயை நான் பார்த்தது இல்லை. பார்த்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்பது என்று வைத்திருந்தேன். ஒன்பது பேர் என்றாலும், ஆய்வுகூடம் நிறைந்திருப்பதைக் கண்டால் அதிகாரியின் மனம் இளகக்கூடும் என்றார் அதிபர். ஆக, எல்லாம் ஐந்து அட்டைப்பெட்டிக் கண்ணாடிச் சாமானை நம்பி நின்றது. அதைக் கொண்டுபோக என் கணவரின் ஆட்டோ இருந்தது.

அவர் பேராதனைச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், கெட்டம்பே என்று பெரும்பாலும் சமதரையில்தான் ஹயர், அதாவது வாடகைச் சவாரி, கிடைக்கும். பெற்றோல் விலையைப் பற்றி அவர் தினமும் புலம்புவார். ஒரு நாள் அந்தப் புலம்பல் தாங்காமல், "வண்டிக்கு என்ன ஒயில் ஊத்துறீங்க?" என்று கேட்டேன். அவர் ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு வெற்றுப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த மூன்று நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. போனில் ஒவ்வொரு ஒயிலுக்கும் உரிய விபரத்தாளைத் தேடி எடுத்து, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். இஞ்சின் ஒயில் என்றால் வெறும் எண்ணெய் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். எண்ணெய்க்குள் ஒரு மருந்துக்கடையே இருக்கிறது. சிங்க்கும் பொசுபரசும் சேர்ந்த ஒரு பொருள், சூட்டில் உடைந்து இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, தான் தேய்ந்து இரும்பைக் காப்பாற்றும். கல்சியம் சேர்ந்தது அமிலத்தை முறித்து அழுக்கைக் கழுவும். கழுவிய கரியை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் ஒயிலுக்குள் மிதக்கவைக்க இன்னொன்று உண்டு. ஒயில் கறுத்துப்போனால் கெட்டுவிட்டது என்று என் கணவர் முகத்தைச் சுளிப்பார். கறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

புதிய கார்களுக்கான ஒயிலில் இந்தக் கூட்டு மாறியிருக்கிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, பொசுபரசு அதைக் கெடுக்கும். அதனால் பொசுபரசைக் குறைத்துவிட்டார்கள். டர்போ இஞ்சின்களில் கல்சியம் கூடினால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே தீப்பிடித்து உள்ளே தட்டும் என்று, கல்சியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு மகனீசியம் சேர்க்கிறார்கள். குறைத்த சிங்க்குக்கு ஈடாகவும் உராய்வைக் குறைத்துப் பெற்றோலை மிச்சப்படுத்தவும் மொலிப்டினம் கொஞ்சம் போடுகிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. நான் கரும்பலகையில் எழுதி எழுதிச் சலித்த மூலகங்கள் எல்லாம் என் வீட்டு வாசலில் நிற்கிற ஆட்டோவுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன! உராய்வு குறைந்தால் பெற்றோல் மிஞ்சும். கணக்கு நேராக இருந்தது. உயர்ந்த ரகக் கார் ஒயில் ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு நானே மெக்கானிக்கிடம் போனேன்.

மெக்கானிக் ஒரு முஸ்லிம் மனிதர், அண்ணன் முறையில் எங்களுக்கு நானா. போத்தலை வாங்கிப் பார்த்தார்.

"கார் ஒயில் எதுக்கு தங்கச்சி? நாங்க எந்த நாளும் மோட்டார் சைக்கிள் ஒயில் தானே ஊத்துற. அது நல்லா தானே ஈக்கு."

"ஏன் அதையே ஊத்துறீங்கன்னு சொல்லுங்க நானா."

"வாப்பா ஊத்தின, நானும் ஊத்துறன்."

இது ஒரு காரணமா? எனக்குச் சிரிப்பு வந்தது. மொலிப்டினத்திலிருந்து தொடங்கி ஒரு பாடம் நடத்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வழக்கம்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா போத்தலைத் திறந்து ஊற்றிவிட்டார்.

ஒரு வாரம் எல்லாம் நன்றாகவே போனது. "சத்தம் கொறைஞ்சிருக்கு" என்று என் கணவரே ஒப்புக்கொண்டார். ஒரு நாள் மட்டும், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஏற்றத்தில் இழுவை ஒரு மாதிரி இருப்பதாகச் சொன்னார். அது உங்கள் மனப்பிராந்தி என்றேன்.

அந்த நாள் வந்தது. ஐந்து பெட்டியையும் பழைய பேப்பர் திணித்து அடுக்கி, ஏழரைக்கே புறப்பட்டோம். பேராதனையிலிருந்து கலஹா வரை வண்டி கொஞ்சம் முனகிக்கொண்டு போனது. கலஹா தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பி, மூன்றாவது வளைவில் ஏறும்போது இஞ்சின் வீரிட்டது. சத்தம் கூடியதே தவிர வண்டி நகரவில்லை. என் கணவர் கியரைக் குறைத்தார். இன்னும் பெரிதாகக் கத்தியது. ஓர் அடி ஏறி, நின்று, பின்னால் சறுக்கத் தொடங்கியது. நான் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தேன்.

"கிளச் பிடிக்குதில்ல" என்றார்.

ஆறவிட்டுப் பார்த்தோம். தள்ளிப் பார்த்தோம். பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஏற்றிப் பார்த்தோம். கருகிய வாசனை வந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. ஹயர் வண்டி எதுவும் வருகிற ரோடு இல்லை அது. பாடசாலைக்கு ரோட்டு வழியாக இன்னும் மூன்று மைல் சுற்ற வேண்டும். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. என் கணவர் நானாவுக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, பழைய போத்தல்ல பின்னுக்கு ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்து ஈந்திச்சே, எம், ஏ. புதுப் போத்தல்ல அது ஈக்கா பாருங்க."

மிச்ச ஒயில் சீட்டுக்கு அடியில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. காரில் கிளச் தனியாக, உலர்ந்து இருக்கும். மோட்டார் சைக்கிளிலும் எங்கள் ஆட்டோவிலும் கிளச்சின் தட்டுகள் இஞ்சினோடு சேர்ந்து அதே ஒயிலில் ஊறிக்கிடக்கும். அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். அந்தக் கட்டம், பிடிப்பைக் கெடுக்காத ஒயில் என்பதற்கான அடையாளம். அதை நான் பார்த்திருந்தேன். பழைய போத்தலின் பின்பக்கத்தை எழுத்து எழுத்தாக வாசித்தவள், அது ஏதோ விளம்பர முத்திரை என்று தாண்டிப் போய்விட்டேன். உராய்வு எங்கெல்லாம் குறைய வேண்டும் என்று மூன்று நாள் யோசித்தேன். எங்கே குறையக்கூடாது என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"வழுக்க வேண்டாத எடத்துல வழுக்குற மருந்தப் போட்டுட்டேன்" என்றேன் என் கணவரிடம்.

"கிளச்சுக்கு ஒத்துவராதுன்னு நானா அன்னைக்கு சாயங்காலமே யார்கிட்டயோ விசாரிச்சுட்டுப் போன்ல சொன்னாரு. சமதரையில நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அன்னைக்கு நான் ஹயர் போக முடியாதே."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் என்மேல் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. வண்டி அவருடைய சோறு. (அது பிழைத்துக்கொண்டது. இறக்கத்திலேயே மெதுவாக உருட்டிக் கொண்டுபோய், அன்று பின்னேரமே நானா அந்த ஒயிலை வடித்து, பழையதை ஊற்றி ஓடவிட்டு, மறுபடி வடித்து ஊற்றினார். தட்டுகள் முழுதாகக் கருகவில்லை.) ஆனால் அந்த வளைவில் நிற்கும்போது எனக்கு அது எதுவும் தெரியாது. ஐந்து பெட்டிகள் ரோட்டோரப் புல்லில் இருந்தன. ஒன்பது பிள்ளைகள் மேலே வெள்ளை உடுப்போடு காத்திருந்தார்கள்.

"என்ன டீச்சர், வண்டி நின்னுபோச்சா?"

ரோட்டுக்கு மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். பத்து மணி என்றதும் அவர்களில் ஒருவர், "குறுக்கால ஏறினா அரை மணித்தியாலம்" என்று சொல்லிக் கூடையைக் கழற்றினார். இன்னும் நாலு பேர் கழற்றினார்கள். நான் கேட்கவே இல்லை, கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. மலையைப் பார்த்துக்கொள்கிற கணக்கப்பிள்ளை குடையோடு வந்து நின்றார்.

"போறவங்க போங்க. நிறுவைக்குக் கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர்தான் போடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

தோட்டத்தில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று உண்டு. அது நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். என் அம்மா அரைப்பேரோடு வீட்டுக்கு வரும் நாட்களில் நாங்கள் எதையும் கேட்கமாட்டோம். "வேணாம்மா, நான் வேற வழி பார்க்கிறேன்" என்றேன். அவர்கள் அதற்குள் சும்மாடு கட்டிப் பெட்டிகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்கள்.

குறுக்குப் பாதை தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறியது. கடைசியாக ஏறிய பெண்ணின் தலையில் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி இருந்தது. என் கணவரை வண்டிக்குக் காவல் விட்டுவிட்டு, நான் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தார், காலில் செருப்பில்லை.

"நல்ல வண்டிதானே டீச்சர். ஏன் நின்னுச்சு?"

சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன். சும்மா கேட்கிறவர்களுக்கும் முழுவதையும் சொல்வது என் குணம். ஒயிலுக்குள் என்னென்ன போடுகிறார்கள், ஒவ்வொன்றும் என்ன செய்யும், கிளச் ஏன் பிடிக்க வேண்டும் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். "இப்ப உங்க கால் இந்தக் கல்லப் பிடிச்சுத்தானே ஏறுறீங்க? இதுல ஒயில் ஊத்தினா?"

"விழுந்துருவேன்."

"அதான் நடந்துச்சு."

அடுத்த கல்லில் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு ஏறினார். "அப்ப அந்த வழுக்குற சாமானப் போட்டது யாரு?"

"நான்தான்."

"தெரியாமலா?"

"வழுக்கும்னு தெரியும். அந்த எடத்துக்கும் போகும்னு யோசிக்கல."

அவர் சிரிக்கவில்லை. ஒரு திருப்பத்தில் நின்று, பெட்டியை ஒரு கையால் சரிசெய்துகொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "பேர வெட்டச் சொன்னது நான்தான் டீச்சர். அந்தப் புள்ளயோட அம்மா."

நாலு வார்த்தை கேட்பது என்று நான் வைத்திருந்த தாய் இவர்தான். அவருடைய குதிகாலின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். "புடவைக் கடையில தங்க எடம் தர்றாங்க" என்றார் அவராகவே. "படிப்புன்னா ரெண்டு வருசம். அதுக்கப்புறம் என்னன்னு யாருக்குத் தெரியும்." அவர் சொன்னதில் எனக்குக் கோபப்பட இடமே இருக்கவில்லை.

பாடசாலை முற்றத்தில் வெள்ளைக் கார் நின்றது. பத்தே கால். அதிகாரி ஆய்வுகூடத்தில் கதிரையில் உட்கார்ந்து வெறும் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஐந்து பேரும் வரிசையாக வந்து பெட்டிகளை மேசையில் இறக்கினார்கள். பிள்ளைகள் பேப்பரைப் பிரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். ஒரு குழாய்கூட உடையவில்லை. ஏன் தாமதம் என்று அதிகாரி கேட்டதற்கு நடந்ததை அப்படியே சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. அவர் புன்னகைத்தார். குடுவைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு பட்டியலை எடுத்து விரலை வைத்து எண்ணினார்.

"எல்லாம் நல்லா இருக்கு டீச்சர். ஆனா ஒன்பது பேர். பத்துக்குக் கொறைஞ்சா நான் கையெழுத்து வைக்க ஏலாது." அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. "எனக்கு விருப்பமில்லாம இல்ல. ஏலாது."

அதிபர் கெஞ்சினார். நானும் ஏதேதோ சொன்னேன். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே பேனாவை மூடினார். ஒன்பது பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பையன் தான் அடுக்கிய குடுவைகளை மறுபடி பெட்டிக்குள் வைப்பதா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தான். என் வாழ்க்கையில் அதைவிட வெட்கப்பட்ட நிமிடம் இல்லை.

வாசலில் பெண்கள் வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குழாய்ப் பெட்டியைத் தூக்கி வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம் மகளை எழுதிக்குங்க சேர்."

அதிகாரி நிமிர்ந்தார். "பேர வெட்டின பிள்ளையா? டீச்சர் மனசு நோகும்ங்கிறதுக்காகச் சேர்க்கக்கூடாதும்மா. ரெண்டு வருசம் படிக்க வைக்கணும்."

"டீச்சருக்காக இல்ல சேர்." அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். உள்ளங்கைத் தோல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. "போன வருசம் புல்லுக்கு அடிக்கிற மருந்து கலக்கையில வெந்துச்சு. எதனாலன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நேரம் சரியில்லன்னாங்க. மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினேன். இன்னைக்கு வண்டி நின்ன கையோட, எது தப்பு, யாரு செஞ்சது, எப்புடி சரி பண்ணுறதுன்னு இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தான் செஞ்ச தப்பையே சொல்றாங்க. எங்க லயத்து வீடுகள்ல அப்புடி சொல்ல ஒரு ஆள் வேணும்."

அதிகாரி பேனாவைத் திறந்து, பட்டியலை என் பக்கம் தள்ளினார். பத்தாவது பெயரை நான் எழுதினேன். கண் கலங்கி எழுத்துக் கோணியது, மறைக்க எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாய் அதன் கீழே மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி தன் கையெழுத்தை வைத்துத் திகதி போட்டதும் பிள்ளைகள் கத்திய கத்தலில் அதிபரே காதைப் பொத்திக்கொண்டார்.

நன்றி சொல்ல நான் வாசலுக்கு வந்தபோது பெண்கள் யாரும் அங்கே இல்லை. குறுக்கில் ஐந்து பேரும் ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள், பதினொன்றரை மணி நிறுவைக்கு முன்னால் கூடையில் ஏதாவது விழட்டும் என்று.